காய்ச்சலோடு லேபுக்கு வருகிறவர்கள் சொல்லாமல் விடுவது

அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்ன லேபில் பல வருஷமாக டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல், பாபநாசம் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான் வருவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே படியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "மேலுக்குச் சரியில்ல, எல்லா டெஸ்டும் எடுத்துருங்கக்கா" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு.

எல்லா டெஸ்டும் என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று ஓரளவு தெரிந்தால்தான் எந்த டெஸ்ட் என்று டாக்டரால் எழுத முடியும். அதைத் தெரிந்துகொள்ள மிஷினை விட நோயாளியின் வாய்ப்பேச்சுதான் அதிகம் உதவுகிறது. காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் எங்கே போனோம், என்ன வேலை பார்த்தோம், இதுவரை என்ன மாத்திரை போட்டோம். இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் யாரும் சொல்வதில்லை. வயலில் இறங்கியதும் ஆட்டுக்குக் குழை ஒடித்ததும் தினசரி வேலை. அதைப் போய் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

நம்ம பக்கம் தாமிரபரணித் தண்ணீரும் கார், பிசானம் என்று இரண்டு போகமும் மேற்கே மலையும் உள்ள பூமி. இங்கே உள்ள கிருமிகளும் அப்படித்தான் இடம் பார்த்து இருக்கின்றன. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து வயல் தண்ணீர் வழியாக வரும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியில் இருக்கிறது. டெங்கு வைரஸைச் சுமக்கும் கொசு நம் வீட்டுத் தொட்டியிலேயே பிறக்கிறது. டைபாய்டு குடிக்கிற தண்ணீரிலும் தின்கிற பண்டத்திலும் வரும். முதல் மூன்று நாளில் இந்த நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: காய்ச்சல், தலைவலி, மேல்வலி, சாப்பாடு இறங்காது. ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம்.

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்க்ரப் டைபஸ்தான். உண்ணிக்காய்ச்சல் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். ஆட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி அல்ல இது. ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சுப் பருவம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கடித்தாலும் தெரியாது. கடித்து ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். அதற்குள் அந்தப் புதர்ப்பக்கம் போனதே மறந்திருக்கும்.

ஒரு மார்கழி மாதம் கடையம் பக்கத்து மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு பெரியம்மாவை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். கையில் ஒரு மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு டெஸ்டில் சந்தேகமாக ஒரு எண். "ஊசி மேல ஊசி போட்டாச்சு தாயி, காச்ச விட்டபாடில்ல" என்றார். கண் பாதி மூடியே இருந்தது. கையில் நரம்பு தேடிக்கொண்டே, "ஆடு மாடு உண்டா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஆடு கெடக்கு. ஓடப்பக்கம் குழை ஒடிக்கப் போவேன். வெயிலுக்கு அங்கனயே செத்த நேரம் தலையச் சாய்ப்பேன்."

"மேல்ல எங்கயாவது கருப்பாப் பொருக்கு தட்டிருக்கா?"

"ஒண்ணும் இல்லியே."

திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அக்குளில் இல்லை, மார்புக்கு அடியில் இல்லை. பாவாடை நாடா இறுகும் இடத்தில், இடுப்பின் பின்பக்கம் இருந்தது. துவரம்பருப்பு அளவுக்குக் கருப்புப் பொருக்கு, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். பீடி நெருப்பால் சுட்டது போல இருக்கும் அது. தொட்டேன், வலிக்கவில்லை என்றார். அரிப்பும் இல்லை. வலியும் அரிப்பும் இல்லாத இடத்தை யார்தான் தேடிப் பார்ப்பார்கள்? உடனே டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் வரச்சொல்லிப் பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அந்த ஊசிகள் ஏன் கேட்கவில்லை என்றால், இந்தக் கிருமி நம் உடம்புச் செல்லுக்குள்ளே புகுந்து வாழ்கிற ஜாதி. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரை உடைத்துக் கொல்பவை. இதனிடம் அந்த வேலை நடக்காது. செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். விலை குறைந்த பழைய மருந்துகள்தான் இரண்டும். ஆனால் நோயின் பெயர் யாருக்கும் தோன்றாமல் பத்து நாள் ஓடிவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இழுத்துவிடும். அப்புறம் ஐசியூதான்.

அந்தச் சிற்றுண்ணி கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. எல்லோருக்கும் அது இருக்காது. இருந்தால் மிகப் பெரிய துப்பு. அதனால் வீட்டில் யாருக்காவது ஐந்து நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் துணி மறைக்கிற இடத்தையெல்லாம் ஒரு தடவை பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, இடுப்புக் கயிறு, காதுக்குப் பின்னால், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள். பெண்கள் வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் வந்துவிடுவார்கள். வீட்டில் உள்ள மதினியோ மகளோ பார்த்துச் சொன்னால் போதும். காட்டுப்பக்கம் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுவது, திரும்பி வந்ததும் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பது, புல்தரையில் வெறுமனே படுக்காமல் இருப்பது, துவைத்த துணியைப் புதர் மேல் உலர்த்தாமல் கொடியில் போடுவது. இவ்வளவுதான் செய்ய முடியும், இது நிறையவே உதவும்.

அந்தப் பெரியம்மா அடுத்த வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்: "இவளும் ஓடப்பக்கம் வந்தவதான் தாயி. ஆறு நாளாக் காயுது. முதுகுல இருக்கு, நானே பாத்துட்டேன்." எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

எலிக்காய்ச்சல் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவப் பாக்டீரியா எலி, பெருச்சாளி, மாடு, நாய் இவற்றின் மூத்திரத்தில் வெளியே வரும். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நல்ல தோலில் எளிதாக நுழையாது. சின்னக் கீறல் இருந்தால் போதும். நடவுக்காலத்தில் நம் பெண்களின் காலைப் பாருங்கள்: விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் பித்தவெடிப்பு. கிருமிக்கு அதைவிடத் திறந்த வாசல் வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசானத்துக்குத் தண்ணீர் நிற்கும் மாதங்களிலும் அடைமழைக்குப் பிறகும் இந்தக் காய்ச்சலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் என்று வருகிறவர்களின் காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இதற்கென்று சில அடையாளங்கள் உண்டு. கெண்டைக்கால் சதையை லேசாக அமுக்கினாலே "ஐயோ" என்று கத்துவார்கள். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை வடியாது. பாதிப் பேருக்கு மேல் சாதாரணக் காய்ச்சல் போலவே வந்து போய்விடும். சிலருக்கு மட்டும் கண் மஞ்சளாகி, மூத்திரம் குறைந்து, சிறுநீரகம் நிற்கிற நிலைக்குப் போகும். 1886இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வெய்ல் விவரித்தது இந்தக் கடுமையான நிலையைத்தான். அதற்குக் காரணமான கிருமியை 1915 வாக்கில் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

கண் மஞ்சளானதும் நம்ம ஊரில் என்ன செய்வோம்? கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற வீட்டைத் தேடிப் போவோம். இதில்தான் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வழியாக வரும் ஹெபடைட்டிஸ் ஏ போன்ற மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாகும் நேரத்தில் பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்கும். எலிக்காய்ச்சலில் காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கும். காய்ச்சல் அடிக்கும்போதே கண் மஞ்சள், கெண்டைக்கால் வலி, மூத்திரம் குறைவு என்றால் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நாளைக்கூடச் செலவழிக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் காசு இல்லாமலே பார்ப்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம்ம பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் முழுக்க ஆறாகப் போயிற்று. தண்ணீர் வடிந்ததும் ஆற்றோரம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டைச் சுத்தம் பண்ணப் போனோம். பட்டாசலில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. செத்த எலிகள் மிதந்து வந்து அடுக்களை மூலையில் கிடந்தன. எல்லோரும் வெறுங்காலோடு சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். கம்பூட்ஸ் தேடினேன், கிடைக்கவில்லை. காலில் காயம் இருந்தவர்களை உள்ளே இறங்க விடாமல், மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றி மேலே பழைய ஷூ போடச் சொன்னேன். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவினோம். இப்படிச் சேற்றில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினைத் தடுப்பாகக் கொடுப்பது உண்டு. டாக்டரிடம் கேட்டுப் போடலாம். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் தானாகப் போடக் கூடாது.

அன்றைக்குச் சொன்ன இன்னொரு விஷயம்: வெள்ளம் முடிந்து ஒரு மாதம் வரைக்கும் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "வெள்ளச் சேற்றில் நின்றேன்" என்பதை டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். கிருமி உள்ளே போன பிறகு பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். வீடு சுத்தமாகி வெள்ளை அடித்த பிறகு வருகிற காய்ச்சலையும் அந்தச் சேற்றையும் யாரும் சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றையும் பார்க்க வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் போதும். அதை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் கிணற்றில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது. தெளிய வைத்துவிட்டுத்தான் மருந்து போட வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

இனி டைபாய்டு. இரண்டு நாள் காய்ச்சலுக்கே "டைபாய்டு டெஸ்டு எடுங்க" என்று வருகிறவர்கள் அதிகம். அந்த டெஸ்டின் பெயர் வைடால். பிரெஞ்சு மருத்துவர் வைடால் 1896இல் அறிமுகப்படுத்தியது. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது உருவாகவே ஒரு வாரம் போல ஆகும். இரண்டாம் நாள் எடுத்த வைடால் நெகட்டிவ் என்றால் டைபாய்டு இல்லை என்று அர்த்தம் இல்லை. பாசிட்டிவ் என்றாலும் அப்படியே நம்ப முடியாது. முன்னால் எப்போதோ வந்துபோன டைபாய்டும் தடுப்பூசியும் வேறு சில காய்ச்சல்களும்கூட அதில் எண்ணைக் காட்டும். 1:80 என்று ரிப்போர்ட்டில் பார்த்தவுடன் "டைபாய்டு வந்துட்டு" என்று முடிவு செய்து மருந்துக் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பெரியம்மாவின் மஞ்சப்பையில் இருந்ததும் இப்படி ஒரு எண்தான்.

டைபாய்டை உறுதியாகச் சொல்வது பிளட் கல்ச்சர். ரத்தத்தை ஊட்டச்சத்துள்ள பாட்டிலில் விட்டு, வெதுவெதுப்பில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. முதல் வாரத்தில் எடுத்தால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். வளர்ந்த கிருமியின் மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்து எது கேட்கும் எது கேட்காது என்றும் சொல்லிவிடலாம். ஆனால் ஆண்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் பாட்டிலில் வளராமல் போக வாய்ப்பு அதிகம். அதனால்தான் கல்ச்சர் எழுதினால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். பெரியவர்களுக்கு எட்டு, பத்து மில்லி எடுப்போம். "இம்புட்டா?" என்று பதறாதீர்கள். ரத்தத்தில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும், கொஞ்ச ரத்தத்தில் அது தப்பிவிடும்.

டெங்குவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியாகிவிட்டது. 2012இல் கடையநல்லூரிலும் சுற்றியும் டெங்கு பரவியபோது நம் ஜில்லாவே அலறியது, அதன் பிறகுதான் இங்கே வீட்டுக்கு வீடு தட்டணு என்ற வார்த்தை போய்ச் சேர்ந்தது. லேபில் நின்று பார்ப்பவளாக இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, டெஸ்டுக்கும் நாளுக்கும் உள்ள கணக்கு. என்எஸ்1 என்பது வைரஸின் ஒரு புரதத்தைத் தேடுவது, காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் பலன். ஐஜிஎம் என்பது உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுவது, அது அதற்குப் பிறகுதான் தெரியும். "நேத்து ராத்திரியா, போன வெள்ளிக்கிழமையா?" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். இரண்டு, தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது. அதே ரிப்போர்ட்டில் பிசிவி என்று ஒரு வரி இருக்கும். ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை அது சொல்லும். தட்டணு இறங்கும்போது பிசிவி ஏறிக்கொண்டே போனால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். ஆபத்து அங்கேதான். அது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் வரும். வீட்டில் எல்லோரும் "காச்ச விட்டுட்டு" என்று நிம்மதியாகிற அதே நேரம். அப்போது வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை சோர்ந்து கிடப்பது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பப்பாளி இலையும் நிலவேம்பும் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், அதை நம்பி இந்த நேரத்தைக் கோட்டை விடக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கொசுவுக்கு எல்லோரும் வாறுகாலை, அதாவது சாக்கடையைத்தான் திட்டுகிறார்கள். வாறுகால் நாறினால் வேறு கொசு வரும், அதுவும் தொல்லைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது நம் வீட்டுத் தெளிந்த தண்ணீர். புறவாசலில் யாரும் ஆட்டாமல் கிடக்கும் ஆட்டுரலின் குழி, மாட்டுத் தொழுவின் தண்ணீர்த் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. அந்த ஆட்டுரல் குழியில் குனிந்து பார்த்தால் மேல்மட்டத்தில் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும், நிழல் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் எல்லாத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒட்டி வைக்கும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குனி, சித்திரையில் வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்தால் வெளியாட்கள் உள்ளே போகாமல் திரும்பும் நம் பழக்கம் நல்லது, நோய் பரவாமல் காக்கிறது. ஆனால் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஆகவே அதற்கு முன் அம்மை வந்த குழந்தையோடு விளையாடியவர்களையும் மூன்று வாரம் கவனிக்க வேண்டும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகளுக்கு வந்தால் முதல் நாளே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை போட்டால் அம்மனுக்குக் குற்றம் ஆகிவிடாது. அதே வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வயசான காலத்தில் அக்கியாக வரும். காவியில் அக்கி எழுதிக்கொள்வது அவரவர் நம்பிக்கை, ஆனால் கண் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். மருந்தை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும்.

காசநோய் கிருமியை மட்டும் நானே மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, நீலச் சாயம் விடுவோம். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். காசநோய் கிருமி மட்டும் அமிலத்தால் கழுவினாலும் சாயம் போகாமல், நீலத்துக்கு நடுவில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். ராபர்ட் கோச் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக 1882 மார்ச் 24இல் அறிவித்தார். அந்தச் சிவப்புக் குச்சியை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், இத்தனை காலம் ஆகியும் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சில் இது இருக்கிறதே என்று வயிறு எரியும்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் இருமலோடு வருவார்கள். "இது தூசி இருமல்க்கா, எப்பவும் உள்ளதுதான்" என்பார்கள். இருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்த இருமலானாலும் சளியைப் பரிசோதித்துவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ஜீன் சோதனை மிஷினில் இரண்டு மணி நேரத்தில் முடிவும் தெரியும், முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் தெரியும். சளி என்றால் சளி, எச்சில் இல்லை. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். திறந்த இடத்தில் நின்று எடுங்கள், அடைத்த அறையில் வேண்டாம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நான் என்னதான் தேடினாலும் கிருமி கிடைக்காது, நோய் இல்லை என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும்.

இந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வது, ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால்தான் ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று எடை கூடியதும் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களுக்கு அடுத்த தடவை வரும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம். சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது, கேட்டு வாங்குங்கள். மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம் என்று ஒளித்து வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒளித்து வைத்தால் அதே மகள்தான் அதே அறையில் படுத்து மூச்சு விடுகிறாள்.

கடைசியாக மூத்திரத் தொற்று. பெண்கள் அதிகம் வருவது இதற்குத்தான், வாய் திறந்து சொல்லாததும் இதைத்தான். பெரும்பாலும் காரணம் நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா. கல்ச்சருக்குக் கொடுக்கும்போது கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கிற டப்பாவில் பிடியுங்கள். வீட்டில் இருக்கிற மருந்துக் குப்பி, ஊறுகாய் பாட்டில் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். காலையில் பிடித்து வைத்துவிட்டு, சமையலை முடித்து, பஸ் பிடித்து மத்தியானம் கொண்டு வந்தால் அதில் கிருமி தானாகவே பெருகியிருக்கும், முடிவு தப்பாகிவிடும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயருக்கு எதிரே எஸ், ஆர் என்று எழுத்து இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடப் படுக்காத இளவயசுப் பெண்ணுக்கு வரிசையாக ஆர், ஆர், ஆர் என்று வரும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. கூப்பிட்டுக் கேட்பேன். "போன தடவ குடுத்ததுல மிச்சம் இருந்துச்சு, அதப் போட்டேன்" என்பாள். இல்லையென்றால் அக்கா வீட்டில் இருந்த மாத்திரை, கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்த ரெண்டு மாத்திரை. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் டாக்டர் எழுதாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். நாம் போட்டுக்கொள்கிற அந்த ரெண்டு மாத்திரையில் பலவீனமான கிருமிகள் சாகும், தாங்கிய கிருமிகள் பெருகும்.

லேபுக்கோ டாக்டரிடமோ போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். தின்று தீர்ந்த வெறும் அட்டையானாலும் சரி, பாதி வெட்டியதானாலும் சரி, பெயர் இருக்கிற துண்டு இருந்தால் போதும். "மஞ்சக் கலர் மாத்திரை" என்று மட்டும் சொன்னால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.